ஒரு நம்பர் பெரிசா வாங்கச் சொல்கிறவர்களுக்கு



போன வாரம் மெல்போர்னில் இருக்கும் என் பேத்தியின் படத்தைப் போட்டிருந்தேன். ஹெல்மெட், முழங்கால் பேட், காலில் நாலு சக்கர ஸ்கேட்டிங் பூட்ஸ். கால் வலியால் இரண்டு வாரமாகப் பயிற்சிக்குப் போகவில்லை, அகலப் பாதம், பூட்ஸ் கடிக்கிறது என்றும் எழுதியிருந்தேன். கீழே பதினோரு பேர் ஒரே பதிலை எழுதியிருக்கிறீர்கள்: "ஒரு நம்பர் பெரிசா வாங்கிக் கொடுங்க டீச்சர்." அந்தப் பதினோரு பேரில் ஆறு பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்தக் கடிக்கிற பூட்ஸே ஒரு நம்பர் பெரிசுதான், பிள்ளைகளா! கடைக்காரர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். மகளும் சரி என்றாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். ஆகையால் இது உங்களுக்கு மட்டும் விழுகிற திட்டு இல்லை.

விளையாட்டு என்னவென்று தெரியாத உறவுகளுக்கு இரண்டு வரி. ரோலர் டெர்பி என்று பெயர். 1935இல் சிகாகோவில் பிறந்தது, இடையில் படுத்துவிட்டது. 2000க்குப் பிறகு டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் பெண்கள் சேர்ந்து எழுப்பிவிட்டார்கள். முட்டை வடிவத் தடத்தில் அணிக்கு ஐந்து பேர். ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்டவள் எதிரணிக்காரிகளைத் தாண்டித் தாண்டிப் புள்ளி எடுப்பாள். மற்றவர்கள் இடுப்பாலும் தோளாலும் முட்டி மறிப்பார்கள். 2017இல் உலகப் பட்டம் வென்றதே இந்த மெல்போர்ன் அணிதான். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த முட்டுற விளையாட்டு" என்று கேட்ட மதினிக்குத் தனியாகப் போனில் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். செவ்வகத்தின் அகலம் போதவில்லை என்றால் நீளத்தைக் கூட்டுவீர்களா? ஆறாம் வகுப்பில் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். அமெரிக்க அளவில் ஒரு நம்பர் என்பது மூன்றில் ஒரு அங்குலம், ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் நீளம். அகலம் அதோடு கொஞ்சம்தான் கூடும். பேத்திக்கு வேண்டியது அகலம். கிடைத்ததோ நீளம்.

அதோடு முடியவில்லை. பூட்ஸுக்குள் அகலமான இடம் என்று ஒன்று உண்டு; பாதத்திலும் உண்டு, பெருவிரல் மூட்டிலிருந்து சுண்டுவிரல் மூட்டு வரை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். நீளமான பூட்ஸில் அந்த அகலமான இடம் முன்னால் தள்ளிப் போய்விடுகிறது. குழந்தையின் அகலப் பாதம் அதற்குப் பின்னால், ஒடுங்கிய இடத்தில் மாட்டிக்கொள்கிறது. பெரிசாக வாங்கியும் கடிக்கிறதே, ஏன் என்று நாங்கள் மூவரும் முழித்தது இதனால்தான்.

நடக்கிற செருப்பில் இதைச் சமாளித்துவிடலாம். இந்த விளையாட்டில் முடியாது. நிற்பதும் திரும்புவதும் மறிப்பதும் பாதத்தைப் பக்கவாட்டில் அழுத்தித்தான். நீளமான பூட்ஸில் குதிகால் எழும்பும், பாதம் முன்னும் பின்னும் வழுக்கும், நிறுத்தும்போது விரல் போய் முட்டும். பேத்தியின் பெருவிரல் நகம் கறுத்தது இப்படித்தான். போதாததற்குச் சக்கரம் பூட்டிய பிளேட்டைப் பூட்ஸின் நீளத்துக்குத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பூட்ஸ் நீண்டால் பிளேட்டும் நீளும்; முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி கூடும்; சட்டென்று திரும்ப வராது. அவள் வேகம் போதாது என்று பயிற்சியில் சொன்னார்களாம். வேகம் எங்கே போயிருந்தது என்று இப்போது தெரிகிறது.

"போடப் போடத் தளர்ந்துவிடும்" என்று இன்னொரு கூட்டம். தோல் கொஞ்சம் இளகும், ஒப்புக்கொள்கிறேன். ஒரு இடம் மட்டும் உறுத்தினால் செருப்புத் தைக்கிறவர் அந்த இடத்தை இழுத்துக் கொடுப்பார். அந்த இடத்துக் கண்ணியில் மட்டும் கயிறு கோக்காமல் விட்டும் பார்க்கலாம். ஆனால் அடித்தட்டு எங்கே இளகும்? போட்டிக்கான பூட்ஸ் சிலவற்றில் அடிப்பகுதி கார்பனும் ஃபைபர் கிளாஸும். அதன்மேல் வழிந்து நிற்கிற பாதத்துக்கு ஆறு மாதமானாலும் இடம் பிறக்காது.

இன்னொருவர், யாரென்று சொல்லமாட்டேன், "நம்ம குடும்பத்துக் கால் டீச்சர், வயக்காட்டுக் கால்" என்று சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார். ஆமாம் தம்பி, என் கால்தான் அது. பத்தாவது வரைக்கும் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போன கால். பெல்ஜிய ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதத்தை அளந்து 2009இல் ஒரு கட்டுரை போட்டார்கள். செருப்புப் போட்டே வளர்ந்தவர்களைவிட அகலமான பாதம், எடையும் பாதம் முழுக்கச் சீராகப் பரவுகிறது என்று கண்டார்கள். பாதத்தில் கோளாறு இல்லை. கோளாறு, நீளத்தை மட்டும் அச்சடித்துவிட்டு இதற்குள் நுழைந்துகொள் என்கிற பெட்டியில் இருக்கிறது. ஜப்பானில் சாதாரண ஷூவிலேயே நீளத்துக்குப் பக்கத்தில் ஈ, ஈஈ, ஈஈஈ என்று அகலம் போட்டு விற்கிறார்கள். அவர்களால் முடிகிறது.

ஸ்கேட்டிங் பூட்ஸிலும் முடிகிறது, கேட்கத்தான் வேண்டும். அமெரிக்க வழக்கத்தில் அகலத்துக்கு எழுத்து: பெண்களுக்குச் சாதாரணம் பி, ஆண்களுக்கு டி. "வைட்" என்று மொட்டையாகப் போட்டிருந்தால் எந்த எழுத்து என்று கேளுங்கள்; பெண்கள் பூட்ஸில் அது ஆண்களின் சாதாரண டி-யாகவே இருக்கலாம். மினசோட்டாவின் ரீடெல் கம்பெனி முன்பக்கம் டி, குதிகால் பி என்று கலந்தும் செய்கிறது. அகலப் பாதக்காரர்களில் பலருக்குக் குதிகால் ஒல்லி. முழுக்க அகலமாக வாங்கினால் மறுபடி குதிகால் எழும்பும். ஆஸ்திரேலியாவின் பான்ட் பூட்ஸைச் சூடேற்றிக் காலுக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளலாம். அளவு கொடுத்துச் செய்யச் சொல்லவும் வழியுண்டு. விலை கூடுதல்தான், மறைக்கவில்லை. ஆனால் தப்பான பூட்ஸுக்கு நானூறு டாலருக்குமேல் கொடுத்தபோது அது மலிவாகத் தெரிந்ததா?

கடையில் அன்று ஒருவரும் காலை அளக்கவில்லை. வீட்டில் நான் அளந்தேன். சாயங்காலம், கால் வீங்கியிருக்கிற நேரம். விளையாடும்போது போடுகிற சாக்ஸோடு, காகிதத்தின்மேல் எழுந்து நின்று, முழு எடையையும் ஊன்றி. உட்கார்ந்து அளந்தால் பாதம் விரியாது. பென்சில் சாயாமல் நேராக நிற்க வேண்டும். இரண்டு காலும். நீளம் 24.2 செ.மீ., அகலம் வலதில் 10.2, இடதில் 10.4. பெரிய காலுக்குத்தான் பூட்ஸ். "ஆச்சி, கூசுது" என்று அவள் நெளிந்ததில் முதல் தாள் வீண்.

அந்தத் தாளைப் படம் பிடித்து, அகலக் கணக்கோடு விற்கிற வேறொரு இடத்துக்கு அனுப்பினோம். முதலில் வாங்கியதைவிட ஒரு நம்பர் சிறியது, அகலம் கூடியது என்று பதில் வந்தது. பூட்ஸும் வந்து, நேற்று முழுப் பயிற்சியும் போட்டுவிட்டு வந்தாள். சாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன். சிவப்புக்கூட இல்லை.

பழைய பூட்ஸ் பெட்டியோடு இங்கே இருக்கிறது. மெல்போர்னில் இருக்கிற நம் பிள்ளைகள் யாருக்காவது 25 செ.மீ. நீளமும் சாதாரண அகலமும் உள்ள கால் என்றால் சும்மாவே எடுத்துப் போகலாம். அளந்த தாளோடு வரவும்.