காரை நேசிப்போரும் கௌரவம் தேடுவோரும்

யாழ்ப்பாணத்திலே காரை நேசிப்போர் வேறு. காரைக் கௌரவமெனக் கொள்வோர் வேறு. இவ்விரு சாராரையும் ஒருவரெனக் கருதுவது பெருமயக்கம்.

1990ஆம் ஆண்டின் பின்னர் தீபகற்பத்துக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது, ஒஸ்ரின் ஏ 40 கார்களை உயிர்ப்பித்தோர் முன்னவரே. காபுறேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரமாதலின் அஃது அதனைத் தாங்கிற்று. புகையைத் தாங்கியோர் பின்னால் வந்தோர். ஆயினும், ஆசிரியரும் மாணவரும் எழுதுவினைஞரும் அந்நாளில் நாள்தோறும் நம்பியது துவிச்சக்கர வண்டியையே. குன்றில்லாத இச்சமதரை அதற்கென்றே அமைந்தது போலும்!

இன்றோ, திருநெல்வேலியிலிருந்து நகருக்குச் செல்லும் சிறுதூரத்துக்கும் கார் வேண்டுமாம். பொறியறிந்தோர் இதனைக் கேட்டு நகைப்பர். இயந்திரம் சூடேறுமுன் நிறுத்தப்படின், எரிதலில் உண்டாகும் நீராவி குளிர்ந்து எண்ணெயுடன் கலந்து நிற்கும். உருளைகளின் தேய்மானமும் அப்பொழுதே மிகுதி. குறும்பயணமே காருக்குக் கொடுந்தண்டனை. எனவே உண்மைக் கார்ப்பிரியர் அலுவலகத்துக்குப் பஸ்ஸிற் சென்று, ஞாயிறன்று கீரிமலைக்குக் காரை எடுப்பதில் முரண் யாதுமில்லை. ஓட்டத் தெரிந்தும் ஓட்டாதிருத்தல் வறுமையின் அடையாளமுமன்று.

2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, கௌரவம் அனைத்தும் வீதியோரத்தில் நாட்கணக்கிற் கிடந்தது. துவிச்சக்கர வண்டிகள் அதனைக் கடந்து வேலைக்குச் சென்றன. அக்காட்சியையும் மறந்தனர்!

பஸ்ஸில் நெரிசல் என்பர். உண்மையே. அதற்கு மருந்து பஸ்களைப் பெருக்குதலேயன்றி, ஒருவர் மாத்திரம் ஏறிய காரை ஆஸ்பத்திரி வீதியில் நிறுத்தி, வருகின்ற பஸ்ஸையும் மறித்தலன்று.