ஈயச் சொம்பும் இருதயமும்

மயிலாப்பூர் வீடுகளில் ஈயச் சொம்பில் வைக்கும் ரசத்தின் மணத்தை நாமும் அறிவோம். அச்சொம்பு வெள்ளீயத்தால் ஆகவேண்டியது. அதில் காரீயம் கலப்பதே கேடு. இரண்டும் வாங்குவோர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். காரீயமோ விலை மலிவு. கலப்படக்காரனுக்கு வேறு காரணம் வேண்டுமோ?

புளிச்சாறு கொதிக்கையில் அவ்விஷம் ரசத்தில் இறங்குகிறது. எலும்பில் பல்லாண்டு தங்குகிறது. இரத்த அழுத்தத்தை உயர்த்தி, நாளடைவில் இருதயத்தையே தளர்விக்கிறது. காரீயம், காட்மியம், ஆர்சனிக் ஆகியவை இருதய நோய்க்கு ஏதுக்கள் என்று அமெரிக்க இருதயச் சங்கம் 2023-ல் அறிக்கை வெளியிட்டது.

சர்க்கார் மனம் வைத்தால் ஆகாததில்லை. பெட்ரோலில் கலந்த காரீயம் 2000-ஆம் வருஷத்தில் தேசமெங்கும் விலக்கப்பட்டது. வீட்டு வர்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் அது இருக்கலாகாதென்ற விதி 2017-ல் அமுலுக்கு வந்தது. வீதிக்கும் சுவருக்கும் காட்டிய சிரத்தையை அடுப்படிக்கும் காட்டலாகாதோ?

மாடவீதிகளிலும் தியாகராய நகரிலும் விற்கும் ஈயப் பாத்திரங்களை அதிகாரிகள் பரிசோதித்து, முடிவைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். ஜனங்களும் சோதனைச் சான்று கேட்டே வாங்க வேண்டும். சுதேசிக் கைத்தொழிலில் நமக்கு அபிமானமுண்டு. அவ்வபிமானம் கலப்படத்துக்குத் திரையாகலாகாது. யோக்கியமான தொழிலாளியைக் காப்பதும் அப்பரிசோதனையே.