பொறுத்துக்கொள்ள மறுத்தவர்



இந்த இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில், ஒன்றைப் பொறுத்துக்கொள்வதைச் சொல்லும் சொற்களையும் தொடர்களையும் தொகுத்திருக்கிறோம். டாலரேட், எண்ட்யூர், பேர் வித், புட் அப் வித் என்று போகிறது பட்டியல். பள்ளிப் பிள்ளைகளுக்கும் புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கும் கட்டாயம் உதவும். கூடவே இந்தப் பக்கத்தில், பொறுத்துக்கொள்ள மறுத்த ஒருவரின் கதையைச் சொல்ல ஆசை. நடந்த கதை. பெங்களூரில் தொடங்கி நம் ஹைதராபாத் பேகம்பேட்டுக்கு வந்து சேர்கிற கதை.

1883ஆம் ஆண்டு. ரொனால்ட் ராஸ் என்ற இளம் ராணுவ மருத்துவர் பெங்களூரில் இருந்தார். அவர் தங்கியிருந்த பங்களாவில் கொசுத் தொல்லை தாங்கவில்லை. தேடிப் பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. இதே வேலையை அதிகாரிகளின் மெஸ்ஸிலும் செய்துவிடலாம் என்று பொறுப்பில் இருந்த அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவர் சம்மதிக்கவில்லை. கொசுவைப் படைத்ததற்கு ஏதாவது காரணம் இருக்கும், இயற்கையின் ஒழுங்கில் கை வைக்கக் கூடாது, பொறுத்துக்கொள்வதுதான் நம் கடமை என்று சொல்லிவிட்டார். அப்படியென்றால் மூட்டைப்பூச்சியையும் பொறுத்துக்கொண்டு திரிய வேண்டியதுதானா என்று ராஸ் வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

கொசுவால் மலேரியா வருகிறது என்று அப்போது யாரும் நிரூபித்திருக்கவில்லை. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால் வரும் காய்ச்சல் என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். 1880இல் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் நோயாளியின் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்திருந்தார். அது உடலுக்குள் எந்த வழியாக நுழைகிறது என்பதுதான் புதிர். கொசுவைத் தேடிப் பார் என்று 1894இல் லண்டனில் ராஸுக்கு வழி காட்டியவர் மருத்துவர் பேட்ரிக் மேன்சன்.

அடுத்த ஆண்டு ராஸ் செகந்திராபாத் வந்தார். 19ஆம் மதராஸ் காலாட்படையின் மருத்துவர் அவர். மதராஸ் படைகளோடும், அவற்றுக்குச் சரக்கு வழங்கிய வணிகர்களாகவும்தான் நம் தமிழர்கள் பலர் இந்த ஊருக்கு வந்து வேரூன்றினார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நடுவில், 1897இல் ஊட்டிக்கு அருகே சீகூர் மலைச்சரிவில் ஆராயப் போன ராஸையே மலேரியா படுக்க வைத்தது. எழுந்து மறுபடியும் இங்கே வந்தார்.

செகந்திராபாத்தை ஒட்டிய பேகம்பேட் மருத்துவமனையில் அவர் வேலை பார்த்த அறை சின்னது, இருட்டானது, சூடானது. விசிறி வீசச் சொல்ல முடியாது. அறுத்து வைத்திருக்கும் கொசு காற்றில் பறந்துவிடும். சின்னஞ்சிறு ஈக்கள் கண்ணிமையிலும் காதிலும் வந்து மொய்க்கும். நெற்றியிலிருந்தும் கையிலிருந்தும் வழிந்த வியர்வை பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்துவிட்டன. கடைசியாக மிஞ்சியிருந்த கண்ணாடி வில்லையிலும் விரிசல். அதன் வழியாகத்தான் கொசு கொசுவாக, அணு அணுவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் வேறு வகைக் கொசுக்களிலேயே போய்விட்டன. இறகில் புள்ளி போட்ட அனாஃபிலிஸ் கொசு கைக்கு வந்த பிறகுதான் திருப்பம்.

அந்தக் கொசுக்களுக்கு மலேரியா நோயாளியின் ரத்தம் வேண்டும். ஹுசேன் கான் என்ற நோயாளி அதற்கு ஒப்புக்கொண்டார். கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. பத்துக் கொசுக்கள் கடித்தன. பத்து அணா, முழுதாக ஒரு ரூபாய்கூட இல்லை. காய்ச்சலோடு படுத்திருக்கும் ஒருவர், விரட்டாமல் கையை நீட்டிக் கொசுவைக் கடிக்க விடுவதை எண்ணிப் பாருங்கள். 1897 ஆகஸ்ட் 20 அன்று, அப்படி ரத்தம் குடித்த கொசுக்களில் ஒன்றை ராஸ் அறுத்தார். வயிற்றுச் சுவரில் வட்ட வட்டமாகச் சில செல்கள், அவற்றுக்குள் கரும்புள்ளிகள். மலேரியா ஒட்டுண்ணியில் காணும் அதே நிறமித் துகள்கள். மறுநாள் இன்னொரு கொசுவில் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

அதற்குப் பிறகும் நிம்மதி இல்லை. அடுத்த மாதமே அவரை ராஜபுதனத்துக்கு மாற்றிவிட்டார்கள். 1898இல் கல்கத்தாவில், பறவைகளுக்கு வரும் மலேரியாவை வைத்து, கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வழியாக நோய் பரவுவதைக் காட்டினார். மனித மலேரியாவில் அனாஃபிலிஸ் கொசுவின் முழுப் பங்கையும் இத்தாலியின் கிராஸியும் அவர் தோழர்களும் அதே காலத்தில் நிறுவினார்கள். 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பேகம்பேட்டில் அவர் வேலை பார்த்த கட்டடம் இன்று உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாள்.

ராஸின் பெயருக்குப் பக்கத்தில் ஹுசேன் கானின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் திடமான கருத்து. ராஸ் பட்ட பாட்டுக்குப் புகழ் வந்தது. ஹுசேன் கானுக்குப் பத்து அணா வந்தது. இருவர் பொறுமையும் சேர்ந்துதான் அந்தக் கொசுவைக் காட்டிக் கொடுத்தது.

கொசுவைப் பொறுத்துக்கொள்ள மறுத்ததால்தான் ராஸ் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். நமக்கோ பழக்கம் வேறாகிவிட்டது. மாலை ஆனால் கொசுவத்தியைக் கொளுத்திவிட்டு, மழைக்காலம் என்றால் இப்படித்தான் என்று சொல்லிக்கொள்கிறோம். பெங்களூர் அதிகாரியின் வாதம் இன்னும் நம் வீடுகளில் குடியிருக்கிறது.

மலேரியாவை ஒழிக்க முடியும் என்பதற்கு இலங்கையே சாட்சி. 1934–35இல் அங்கே பரவிய மலேரியா ஏறக்குறைய 80,000 உயிர்களைப் பறித்தது. விடாமல் போராடி 1963இல் நோயாளிகளை 17 பேராகக் குறைத்தார்கள். வென்றுவிட்டோம் என்று கண்காணிப்பு தளர்ந்தது. சில ஆண்டுகளிலேயே நோய் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, உள்நாட்டுப் போர்க்காலத்திலும் வேலையை நிறுத்தாமல், 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றார்கள். விடுதலை பெற்ற சமயத்தில் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது. 8 லட்சம் பேர் இறந்தார்கள். அங்கிருந்து நாமும் வெகுதூரம் வந்துவிட்டோம். 2030க்குள் ஒழிப்பது என்பது நாட்டின் இலக்கு.

நகரத்து மலேரியாவைப் பரப்பும் கொசு மாடித் தொட்டியின் நல்ல தண்ணீரில் முட்டையிடும். டெங்கு கொசுவும் அப்படித்தான். அது கடிப்பது பகலில். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி மூடி சரியாகப் பொருந்துகிறதா, ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டில் தண்ணீர் நிற்கிறதா, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி, பழைய டயர், கொட்டாங்கச்சி என எல்லாவற்றையும் பாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவின் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

கொசுப்புழு பார்க்க மாநகராட்சிப் பணியாளர் வந்தால் கதவைத் திறந்து மாடிக்கு அனுப்புங்கள். வெயிலில் ஏறி இறங்குகிறவர்கள். குடிக்க ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்