தாத்தாவுக்கு 'ரெடி பண்ணி' கொடுக்காதீர்கள்

புது லேப்டாப் ஒன்று வீட்டுக்கு வந்தால் அதை முதலில் யார் திறக்க வேண்டும்? யார் அதைப் பயன்படுத்தப் போகிறாரோ அவர்தான். அவருக்கு எழுபது வயதானாலும் சரி, எண்பது ஆனாலும் சரி. இதைச் சொன்னால் நம் நசரத்பேட்டை நண்பர்களில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் கோபித்துக்கொள்கிறார்கள். இரு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

இப்போது நடப்பது என்ன? பூந்தமல்லியிலோ ரிச்சி தெருவிலோ ஒரு கடையில் லேப்டாப் வாங்குகிறோம். "சார், நாங்களே ரெடி பண்ணிக் கொடுத்துடறோம், ஒரு மணி நேரம் ஆகும்" என்கிறார் கடைப் பையன். நாம் எதிரே டீ குடிக்கிறோம். அல்லது வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பேரன் பிடுங்கிக்கொண்டு, "தாத்தா, நீங்க போய் டிவி பாருங்க, நான் செட் பண்ணித் தரேன்" என்கிறான். ஒரு மணி நேரம் கழித்து, திறந்தால் வேலை செய்கிற ஒரு பெட்டி நம் கைக்கு வருகிறது. எல்லோருக்கும் திருப்தி.

அந்த ஒரு மணி நேரத்தில் நடந்தது வெறும் எடுபிடி வேலை என்று நினைக்கிறோம். அது எடுபிடி வேலை அல்ல, சாவி கைமாற்றம்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன். ஸ்டோர்ஸ் சாவி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால் ரிஜிஸ்டரில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். "நம்ம பையன்தானே" என்று சாவியை யாரும் சும்மா கொடுத்ததில்லை. அங்கே இருந்தது போல்ட்டும் பேரிங்கும்தான். இன்று லேப்டாப்புக்குள் இருப்பது நம் பென்ஷன் கணக்கு, பத்திரங்களின் நகல், போய்ச் சேர்ந்தவர்களின் புகைப்படம். இதற்கு ரிஜிஸ்டர் வேண்டாமா?

வார்த்தைக்காகச் சாவி என்று சொல்லவில்லை. விண்டோஸ் 11 போட்ட புது லேப்டாப்பை முதல் முறை திறந்தால் அது வைஃபை கேட்கும், பிறகு ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். அதாவது ஒரு மெயில் முகவரியும் பாஸ்வேர்டும். வரிசையில் ஆட்கள் காத்திருக்க, கடைப் பையன் என்ன செய்வார்? தன் கைவசம் உள்ள ஏதோ ஒரு மெயிலைப் போட்டு முடித்துவிடுவார். இப்போது வரும் பல லேப்டாப்களில் அப்படி ஒரு கணக்கு நுழைந்தவுடனே டிஸ்க் முழுவதும் தானாகப் பூட்டுப் போட்டுக்கொள்கிறது. திருடன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பூட்டின் மாற்றுச் சாவி, 48 இலக்கம் கொண்ட ஒரு எண், எந்தக் கணக்கில் நுழைந்தார்களோ அந்தக் கணக்கில்தான் போய் உட்காருகிறது.

இரண்டு வருடம் கழித்து மதர்போர்டு மாற்றுகிறீர்கள். அல்லது ஏதோ ஒரு அப்டேட் முடிந்து லேப்டாப் திரும்ப எழும்போது நீலத் திரையில் அந்த 48 இலக்கத்தைக் கேட்கிறது. கடைப் பையன் வேறு வேலைக்குப் போயிருப்பார், எந்த மெயில் போட்டார் என்று அவருக்கே நினைவிருக்காது. அந்த எண் தொலைந்தால் மைக்ரோசாஃப்டாலும் எடுத்துத் தர முடியாது. மனைவியின் கடைசிப் பிறந்தநாள் புகைப்படம் உள்ளேயே இருக்கும், ஆனால் நமக்கு இல்லை. இதைத்தான் "ரெடி பண்ணிக் கொடுத்துட்டோம் சார்" என்கிறார்கள்.

"அப்பாவுக்கு இதெல்லாம் புரியாதுங்க" என்பது அடுத்த வாதம். அப்படியா? 2011 செப்டம்பர் 15 அன்று அரசின் இலவச லேப்டாப் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தது நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் கையில் லேப்டாப் கொடுத்தார்கள். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுப்பதாக அறிவித்தார்கள். பதினேழு வயதுப் பிள்ளையிடம் "உனக்குப் புரியாது, பாஸ்வேர்டை வேறொருவர் வைத்துக்கொள்ளட்டும்" என்று யாரும் சொல்லவில்லை. கொடுத்தார்கள், பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். முப்பது வருடம் ஆபீஸ் கணக்கு எழுதியவர், லோயர் ஹையர் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவர், இன்கம்டாக்ஸ் படிவத்தைத் தன் கையாலேயே நிரப்பியவர், அவருக்கு மட்டும் புரியாதாம்! புரியாது என்பது பல வீடுகளில் உண்மை இல்லை. சொல்லித்தரப் பொறுமை இல்லை என்பதுதான் உண்மை.

வெளிநாட்டுப் பிள்ளைகள் சொல்லும் வாதம் வேறு. "அப்பா, ஒரு சாஃப்ட்வேர் போட்டு வெச்சிருக்கேன், எப்ப பிரச்சனைன்னாலும் இங்கேருந்தே பார்த்துக்கறேன்." பாசம் புரிகிறது. ஆனால் தூரத்திலிருந்து நம் திரையை இயக்கும் அந்த வகை சாஃப்ட்வேர்தான் மோசடிக்காரர்களுக்கும் கருவி. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் மூலம் பணம் எடுக்கப்படுவதைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது. குற்றம் சாஃப்ட்வேருடையது அல்ல. எப்போதும் திறந்தே வைத்திருக்கும் கொல்லைப்புறக் கதவுதான் குற்றம். மகனுக்கு உதவ வேண்டுமென்றால் விண்டோஸிலேயே 'க்விக் அசிஸ்ட்' இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவன் ஒரு புதுக் குறியீட்டு எண் சொல்ல வேண்டும், நாம் அதைப் போட்டு அனுமதிக்க வேண்டும், வேலை முடிந்ததும் கதவு மூடிக்கொள்ளும். அதிலும் ஒரு விதி: நாம் மகனைக் கூப்பிட்டிருந்தால் மட்டுமே. யாரோ நம்மைக் கூப்பிட்டு "இந்த நம்பரைப் போடுங்க சார்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

இன்னொரு அநியாயமும் நடக்கிறது. பேரனுக்குப் புது லேப்டாப், தாத்தாவுக்குப் பேரனின் பழைய லேப்டாப். "தாத்தா என்ன பண்ணப் போறார், நியூஸ் பார்ப்பார், இது போதும்." தாத்தா அதில்தான் பென்ஷன் கணக்கைப் பார்க்கிறார்! அந்தப் பழைய பெட்டியில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்து நீட்டிப்பு வாங்காவிட்டால் புது ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். வீட்டிலேயே அதிகம் பணம் புழங்கும் கணக்கை வீட்டிலேயே பலவீனமான பெட்டியில் வைப்பது சிக்கனமா? விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவு நின்றபோது தமிழக அரசு என்ன செய்தது? அதற்கு முன்பே தன் துறைகளை 'பாஸ்' லினக்ஸ் பக்கம் போகச் சொன்னது. அது சென்னை சிடாக் நிறுவனத்தில் உருவானது. அரசாங்கமே பழைய பூட்டை நம்பவில்லை. பழைய லேப்டாப்தான் கொடுப்பேன் என்றால், லினக்ஸ் போட்டாவது கொடுங்கள்.

பிள்ளைகளையும் கடைக்காரரையும் திட்டிவிட்டேன். இப்போது நம் ஆட்களுக்கு வருகிறேன். "எனக்கு எதுக்குங்க அதெல்லாம், பையன் பார்த்துப்பான்" என்று சாய்வு நாற்காலியில் சாயும் நண்பர்களே, உங்கள் மேல்தான் எனக்கு அதிக வருத்தம். பணம் போனால் சட்டம் உங்களிடம்தான் கேள்வி கேட்கும், பையனிடம் அல்ல. 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது. வங்கியின் தவறும் இல்லை, உங்கள் தவறும் இல்லை, வேறு எங்கோ ஓட்டை என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியிடம் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. ஆனால் நீங்களே பாஸ்வேர்டையோ ஓடிபியையோ இன்னொருவரிடம் கொடுத்து அதனால் போனால், வங்கிக்குச் சொல்லும் வரை போன பணம் முழுவதும் உங்கள் தலையில். சொன்ன பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. பாஸ்வேர்டு பேரனிடம், மெயில் கடையில், ஓடிபி மருமகள் போனில் என்று வாழ்கிறவர் நாளை எந்த முகத்தோடு "நான் யாரிடமும் கொடுக்கவில்லை" என்று எழுதிக் கொடுப்பார்?

அதனால் நான் கேட்பது ஒரு காலைப் பொழுது. பிள்ளையோ பேரனோ பக்கத்தில் உட்காரட்டும், வாயால் சொல்லட்டும். விசைப்பலகையில் விரல் உங்களுடையதாக இருக்கட்டும். சீல் பிரிக்காத பெட்டியைக் கடையிலிருந்து வாங்கி வாருங்கள், பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரோடு ஒரு மெயில். அதிலேயே மைக்ரோசாஃப்ட் கணக்கு. பாஸ்வேர்டு நீளமாக, வேறு எங்கும் பயன்படுத்தாததாக. முதல் திறப்பின்போது இடம் தெரியட்டுமா, விளம்பரத்துக்கு விவரம் தரட்டுமா என்று அது வரிசையாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் 'யெஸ்' அழுத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முடிந்ததும் உங்கள் கணக்குக்குள் போய் அந்த 48 இலக்கம் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள்.

நோட்டில் எழுதுவதா என்று சிரிக்கும் கம்ப்யூட்டர் மேதைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கோ உட்கார்ந்து ஆயிரம் பேருக்கு வலை வீசும் திருடனால் என் பீரோவைத் திறக்க முடியாது. எல்லாவற்றுக்கும் பேரனின் பிறந்த தேதியையே பாஸ்வேர்டாக வைப்பதைவிட, வேறு வேறு பாஸ்வேர்டை எழுதிப் பூட்டி வைப்பது நூறு மடங்கு மேல். நாளை எனக்கு ஒன்று ஆனாலும் அந்த நோட்டு வீட்டாருக்கு உதவும்.

பிறகு, கூடவே வரும் இலவச ஆன்டிவைரஸ் சில வாரங்களில் "காலாவதி, பணம் கட்டு" என்று மிரட்டும். பயப்படாதீர்கள். விண்டோஸுக்குள்ளேயே ஒரு காவலாளி இருக்கிறான். அவனையும் அப்டேட்டையும் அணைக்காமல் இருந்தால் நம் வேலைக்குப் போதும். கடையில் "ஓசியில்" போட்டுத் தரும் திருட்டு சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம். பூட்டை உடைத்துக் கொடுத்தவன் உள்ளே வேறு என்ன வைத்தான் என்று யாருக்குத் தெரியும்? தமிழில் எழுதவும் அதெல்லாம் தேவையில்லை, தமிழ் 99 விசைப்பலகை 2019 முதல் விண்டோஸிலேயே இருக்கிறது.

திரையில் திடீரென்று சிவப்பாக "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பரைக் கூப்பிடுங்கள்" என்று வந்து, ஆள் கத்துவது போல் சத்தம் போட்டால், கூப்பிடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். வங்கிக்குப் போகும்போது கூகுளில் தேடிப் போகாதீர்கள், முகவரியை நீங்களே அடியுங்கள். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகளின் இணைய முகவரிகள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற வேண்டும் என்று ஏற்பாடானது. அந்த வால் இல்லாத முகவரியைச் சந்தேகப்படுங்கள். நவம்பர் வந்தால் "உயிர்ச் சான்றிதழ் புதுப்பிக்கிறோம், ஓடிபி சொல்லுங்க" என்று போன் வரும். ஜீவன் பிரமாண் 2014 முதல் இருக்கிறது, அதை நாம்தான் போய்ச் செய்ய வேண்டும். யாரும் போனில் செய்து தர மாட்டார்கள். சீருடை போட்டவன் வீடியோவில் வந்து "டிஜிட்டல் கைது" என்றால், அப்படி ஒன்று இந்தியச் சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் போகலாம். போனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மகன் திட்டுவானே என்று இரண்டு நாள் மறைப்பதில்தான் திருடன் தப்பிக்கிறான். உடனே 1930. அடுத்து வங்கி. பிறகு நம் காவல் நிலையம், 2022 முதல் நாம் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தில் இருக்கிறோம்.

பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. உங்களுக்கு முதன்முதலாக சைக்கிள் வாங்கிக் கொடுத்தபோது நாங்கள் அதை ஓட்டிக் காட்டிவிட்டு உங்களைப் பின்னால் உட்கார வைக்கவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினோம். ஹேண்டில்பார் உங்கள் கையில்தான் இருந்தது. அதே ஒரு காலைப் பொழுதைத்தான் இப்போது கேட்கிறோம்.