ஒரே வேதம், இரண்டு தேசம்

மதம் ஒன்றாயிருந்தால் தேசம் ஒன்றாயிருக்கும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் எல்லா மதங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் பாகிஸ்தானின் சரித்திரத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

இஸ்லாத்துக்கு மனிதரை இணைக்கும் சக்தி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அரசனும் ஆண்டியும் தோளோடு தோள் நின்று தொழும் மார்க்கம் அது. பஞ்சாபியையும் சிந்தியையும் வங்காளியையும் 1947-ல் ஒரே கொடியின் கீழ் சேர்த்தது அந்த உணர்ச்சிதான். அதில் வங்காளி பின்தங்கவுமில்லை. முஸ்லிம் லீக் 1906-ல் பிறந்ததே டாக்காவில். 1940-ல் லாகூர்த் தீர்மானத்தை முன்மொழிந்த பஸ்லுல் ஹக்கும் வங்காளியே.

அந்த வங்காளிக்குக் கிடைத்த மரியாதை என்ன? 1948 மார்ச்சில், டாக்கா குதிரைப் பந்தய மைதானத்தில், உருது ஒன்றே ஆட்சிமொழி என்று அறிவித்தார் ஜின்னா. ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பேசியது வங்காளம். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டவர்களோ நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை! 1952 பிப்ரவரி 21-ல் தாய்மொழிக்காகத் திரண்ட மாணவர்கள்மீது துப்பாக்கி பாய்ந்தது. சுட்ட சர்க்காரும் இஸ்லாத்தின் பெயரைத்தான் சொன்னது. செத்த பிள்ளைகளும் முஸ்லிம்கள்தாம்.

1956-ல் வங்காளத்துக்கும் ஆட்சிமொழி அந்தஸ்து கொடுத்தார்கள். அதிகாரத்தையும் பணத்தையும் பங்கிட மட்டும் மனம் வரவில்லை. சணல் விளைந்தது கிழக்கில். அது ஈட்டிய அந்நியச் செலாவணியில் ஆலைகள் எழுந்தது மேற்கில். 1970 தேர்தலில் அவாமி லீக் பெரும்பான்மை பெற்றது. ஆட்சியை ஒப்படைப்பதற்குப் பதில், 1971 மார்ச்சில் பட்டாளத்தை ஏவினார்கள். அவ்வாண்டு டிசம்பர் 16-ல், ஜின்னா பேசிய அதே மைதானத்தில், பாகிஸ்தான் படை சரணடைந்தது.

இந்தியப் படை வந்துதானே உடைத்தது என்று சிலர் கேட்பார்கள். 1971 முடிவில் வந்தது வாஸ்தவம். 1952-ல் எந்தப் படை வந்தது? 1970-ல் ஓட்டுப் பெட்டியை நிரப்பியது எந்தப் படை?

பிரிந்து போன வங்காளி இஸ்லாத்தையா விட்டான்? இல்லையே! அதே கிப்லாவை நோக்கித்தான் இன்றும் தொழுகிறான். "நாமெல்லாம் ஒரு தாய் மக்கள்" என்று வாயாரச் சொல்லிவிட்டு, பாகம் கேட்டால் தடியெடுக்கும் அண்ணனோடு எந்தத் தம்பி எத்தனை நாள் கூடியிருப்பான்?

தோற்றது மார்க்கமல்ல, நியாயத்துக்குப் பதிலாக மார்க்கத்தைக் காட்டி ஏய்க்கலாம் என்ற ஆள்வோரின் கணக்கு. எந்த மதத்தின் பெயரால் அந்தக் கணக்கைப் போட்டாலும் விடை ஒன்றுதான்.