ப்ளைண்ட் என்ற சொல்லும் பணயத்தின் விதியும்

மரைன் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் வசிக்கும் பள்ளித்தோழன் ஒருவன், 2024இல் ஒரு மாலை தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். "நீ மொழியியல் படித்தாயே, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்" என்றான். அது ஓர் இணையவழிப் போக்கர் செயலியின் விதிப்பக்கம். முழுவதும் ஆங்கிலம். ஆறு மாதமாக அவன் அதில் ஆடிவந்தான். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கெனச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி போயிருந்தது. ஆறுதலோ அறிவுரையோ அவன் கேட்கவில்லை. எந்த விதியின்படி தோற்றோம் என்பதை மட்டும் அறிய விரும்பினான்.

அன்று எங்கள் உரையாடல் இரண்டு சொற்களைச் சுற்றியே நிகழ்ந்தது. முதலாவது, ப்ளைண்ட். இத்தீவுகளில் தமிழரும் வங்காளியரும் தெலுங்கரும் கூடிச் சீட்டாடினால் பெரும்பாலும் ஆடுவது தீன் பத்தி. அங்கே 'ப்ளைண்ட்' ஆடுவதென்றால், தன் சீட்டைப் பார்க்காமலேயே பணம் கட்டுவது. அது ஆடுபவரின் விருப்பம், துணிச்சலின் அடையாளம். அதற்குச் சலுகையும் உண்டு: சீட்டைப் பார்த்தவர் கட்டுவதில் பாதி கட்டினால் போதும். போக்கரிலோ அதே சொல்லின் பொருள் நேர் எதிர். சீட்டு போடும் முன்னரே இருவர் கட்டாயமாகச் செலுத்தவேண்டிய தொகை அது. டீலர் இடத்துக்கு அடுத்தவர் சிறிய ப்ளைண்டும், அவருக்கு அடுத்தவர் பெரிய ப்ளைண்டும் கட்டுவர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அந்த இடம் நகர்ந்துகொண்டே வரும். ஆகவே ஒரு சுற்று முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒருமுறை சிறியதையும் ஒருமுறை பெரியதையும் கட்டியாக வேண்டும்.

என் தோழன் தீன் பத்தியின் பொருளைப் போக்கருக்குள் எடுத்துச் சென்றிருந்தான். "நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்தால் நட்டமில்லை" என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே பிழைத்தது? ஆறு பேர் அமர்ந்த மேசையில் ப்ளைண்ட் 5, 10 ரூபாய் என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு 15 ரூபாய். ஒரு மணி நேரத்தில் 60 ஆட்டங்கள் நடந்தால் பத்துச் சுற்று. ஒருமுறைகூடப் பந்தயம் கட்டாமல் சும்மா உட்கார்ந்திருப்பவரும் 150 ரூபாயை இழந்திருப்பார். போட்டி வகை ஆட்டங்களில் நேரம் செல்லச் செல்ல ப்ளைண்ட் தொகையும் ஏறும். காத்திருப்பதற்கும் விலை வைத்து, ஆடியே தீரவேண்டிய நிலைக்குத் தள்ளுவதே இவ்விதியின் வேலை. இவற்றோடு, நடத்தும் நிறுவனம் வெல்லும் தொகையிலிருந்து எடுக்கும் கழிவு தனி.

இரண்டாவது சொல், ஆல் இன். மேசைமேல் உள்ள தன் பணம் முழுவதையும் பணயம் வைப்பது. இதன் அடியில் உள்ள விதி, உண்மையில், பலவீனரைக் காப்பதற்காக எழுந்தது. ஓர் ஆட்டம் தொடங்கும்போது மேசையில் இருக்கும் பணத்துக்கு மேல் எவரும் அந்த ஆட்டத்தில் இழக்க முடியாது. இடையில் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் சேர்க்கவும் முடியாது. ஒருவரிடம் 200 ரூபாயும் மற்ற இருவரிடம் தலா 500 ரூபாயும் இருக்க, மூவரும் முழுவதையும் வைத்தால், முதலாமவர் ஒவ்வொருவரிடமிருந்தும் 200க்கு மேல் வெல்ல முடியாது. அவர் போட்டியிடுவது 600 ரூபாய்க்கு மட்டுமே. மீதமுள்ள 600 தனியாகப் பிரிக்கப்பட்டு மற்ற இருவருக்குள் முடிவாகும். பணக்காரர் தன் பணபலத்தால் மட்டும் ஏழையை ஆட்டத்திலிருந்து விரட்ட முடியாது என்பது இதன் நியாயம்.

கைப்பேசியில் இந்தக் காப்பு மெலிந்துவிடுகிறது. மேசையில் பணம் தீர்ந்தவர் எழுந்து, வீட்டுக்குப் போய், பணத்துடன் திரும்பும் இடைவெளி அங்கே இல்லை. விரல் நுனியில் அடுத்த 500 ரூபாய் மேசைக்கு வந்துவிடும். விதி மாறவில்லை. அதைச் சூழ்ந்திருந்த நேரம் மறைந்துவிட்டது.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து இத்தீவுகளுக்குக் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பியிருந்தோம். கம்பி வந்தபின் வேகம் கூடியது. ஆனால் மழைக்காலத்தில் வீட்டு இணைப்பு அறுபடுவது நிற்கவில்லை. இணைப்பு அறுந்தால் ஆட்டத்தில் என்ன ஆகும்? தொடக்ககால இணையப் போக்கரில், அதுவரை கட்டிய தொகைக்கு மட்டும் அவர் ஆல் இன் ஆனதாகக் கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்துச் சிலர் அதைத் தவறாகப் பயன்படுத்தியதால் பெரும்பாலும் கைவிடப்பட்டது. இன்று நேரம் முடிந்தால் சீட்டு மடிக்கப்படும். கட்டிய பணம் போகும். என் தோழன் யாரோ சொன்ன பழைய விதியை நம்பியிருந்தான். புதிய விதி ஆங்கிலத்தில், பக்கத்தின் அடியில் இருந்தது.

இந்த அனுபவத்திலிருந்து நம் நீதிமன்ற விவாதத்தைப் பார்க்கிறேன். போக்கர் சூதாட்டமே என்றது குஜராத் உயர் நீதிமன்றம், 2017இல். தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரம்மியும் போக்கரும் வாய்ப்பு விளையாட்டுகளாகப் பட்டியலிடப்பட்டன. 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் அவற்றைத் திறமை விளையாட்டுகள் எனக் கூறிப் பட்டியலை நீக்கியது. எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றே: திறமையா, வாய்ப்பா?

போக்கரில் திறமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பல்லாயிரம் ஆட்டங்களின் முடிவில் தேர்ந்தவர் முன்னிற்பார். ஆனால் ப்ளைண்ட் கட்டும் கணத்தில் எந்தச் சீட்டும் பார்க்கப்படவில்லை. அங்கே திறமை இன்னும் தொடங்கவில்லை. அனைவரும் ஆல் இன் ஆன பிறகு எவரும் எடுக்கவேண்டிய முடிவு எதுவுமில்லை. எஞ்சிய சீட்டுகள் தாமாக விழுகின்றன. ஒரே ஆட்டத்துக்குள் கட்டாயம், திறமை, வாய்ப்பு மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. இதை ஒற்றைச் சொல்லில் அடைக்க முயன்றதால்தான் தீர்ப்புகள் ஒன்றையொன்று மறுத்தன என்பது என் கருத்து.

2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஒன்றியச் சட்டம் இந்தப் பிரிவினையைக் கைவிட்டது. திறமையோ வாய்ப்போ, பணம் கட்டிப் பணத்தை எதிர்பார்த்து இணையத்தில் ஆடினால் அது தடைக்குரியது என்கிறது. தமிழ்நாட்டுச் சட்டம் எங்கள் தீவுகளில் செல்லாது, இது செல்லும். பணயத்தையே வரையறையின் மையத்தில் வைத்த அளவில் இதை வரவேற்கிறேன். இந்தியாவில் இயங்கிய பெரிய நிறுவனங்களும் பண ஆட்டங்களை நிறுத்தின. ஆனால் வெளிநாட்டுத் தளங்களுக்கான வழி முற்றிலும் அடைபடவில்லை. அங்கே செல்பவரிடம் எஞ்சியிருப்பது விதியைப் பற்றிய அவருடைய அறிவு மட்டுமே.

அந்த அறிவு தமிழில் கிடைக்கிறதா? சூது, கவறு, பணயம், பந்தயம் என இத்துறைக்குச் சொல் வளம் மிக்க மொழி இது. வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே, 94ஆவதை, சூதுக்கு ஒதுக்கினார். மங்காத்தாவின் 'உள்ளே வெளியே' எவருக்கும் விளக்கம் தேவையில்லாமல் புரியும். அப்படியிருக்க, ப்ளைண்டை 'கட்டாய முன்பணயம்' என்றும், ஆல் இன்னை 'கையிருப்பு முழுதும் பணயம்' என்றும் எழுதியிருந்தால், என் தோழன் முதல் நாளே தயங்கியிருப்பான் என்று நினைக்கிறேன். தீங்கை எச்சரிக்கும் விளம்பரங்கள் தமிழில் வந்தன. பணம் எப்படிப் போகிறது என்ற விளக்கம் தமிழில் வரவில்லை.

தோழன் தங்கையின் கட்டணத்தைத் தவணையில் கட்டி முடித்துவிட்டான். இப்போது ஆடுவதில்லை என்கிறான். நான் துருவிக் கேட்பதில்லை. வகுப்பெடுக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நிகழ்தகவு நடத்துபவர்கள் பகடையோடு நிறுத்தாமல், மேற்சொன்ன 150 ரூபாய்க் கணக்கை ஒருமுறை கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். மொழியியல் நடத்துபவர்கள் கடன்சொற்களின் பொருள் மாற்றத்துக்கு எடுத்துக்காட்டாக ப்ளைண்டைச் சொல்லுங்கள். பின்வரிசையில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் மாணவருக்கு அது பயன்படக்கூடும்.