பிள்ளைகள் படிப்புக்காகத்தானே!

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்த முதல் வாரத்தில், "கோடை விடுமுறையை நான் கழித்த விதம்" என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்வது தமிழாசிரியைகளின் வழக்கம். மாணவியராகிய நாமும் சளைக்காமல் கொடைக்கானல், குற்றாலம், வேளாங்கண்ணி என்று எழுதித் தள்ளிவிடுகிறோம். உண்மையை எழுதுவதானால் நம்மில் பலர், "மூட்டை கட்டுவதிலும் மூட்டை அவிழ்ப்பதிலும் கழித்தோம்" என்றுதான் எழுத வேண்டியிருக்கும். வீடு மாறுவதற்கென்றே ஏற்பட்ட மாதங்கள் போலும் ஏப்ரலும் மேயும்! ஏன் இந்த மாற்றம் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "எல்லாம் பிள்ளைகள் படிப்புக்காகத்தானே!" அந்தப் பிள்ளைகளாகிய எங்களுக்கும் இதில் ஒரு கருத்து உண்டு. அதைக் கூறவே இக்கட்டுரை.

எங்கள் ஊர் தேவதானம். ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் வழியில் சேத்தூரைத் தாண்டினால் வரும். பிரம்மதேயம், பள்ளிச்சந்தம், தேவதானம் என்று வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்கிறோமே, கோயிலுக்கு விடப்பட்ட நிலம் என்ற பொருளுடைய அந்தச் சொல்தான் எங்கள் ஊருக்குப் பெயர். இங்குள்ள நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில், இவ்வட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களில் ஒன்று. சங்கரன்கோவில் மண்ணுக்கும், கரிவலம்வந்தநல்லூர் நெருப்புக்கும், தாருகாபுரம் நீருக்கும், தென்மலை காற்றுக்கும் உரியவை. எங்கள் ஊர் ஆகாயத்துக்கு. (ஆகாயத்துக்கு வாடகை வீடு தேடும் தொல்லை இல்லை, கொடுத்து வைத்தது.) மேற்கே மலை, அதன் அடியில் சாஸ்தா கோயில் அணை, அங்கங்கே மாந்தோப்புகள். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் பழுக்கும் நேரத்தில்தான் நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்ப நேர்ந்தது என்பதை எண்ணினால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

எங்கள் குடும்பம் அப்படியொன்றும் பெரிதன்று. அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறார். அம்மா வீட்டில் தையல். பிள்ளைகள் மூவர், பத்தாம் வகுப்பில் ஒருத்தி, நான்காம் வகுப்பில் தம்பி, நான்கு வயதில் பாப்பா. பக்கத்து அறையில் அப்பத்தா. நாங்கள் தூங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு மார்ச் மாதத்தில் ஓர் இரவு அப்பாவும் அம்மாவும் பேசி முடிவு செய்தார்கள், மே மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிபோவதென்று. நாங்கள் தூங்கவில்லை. ஆயினும் எங்களிடம் முறையாகச் சொல்லப்பட்டது ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள்தான். அதற்கு முன்பே பால்காரருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் தெரிந்திருந்தது!

பெற்றோர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. தேவதானத்திலிருந்து நம் பள்ளிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். ராஜபாளையத்தில் இறங்கி வேறு பேருந்து பிடிக்க வேண்டும். காசு ஒரு பொருட்டல்ல. மாணவியருக்குப் பஸ் பாஸ் இருக்கிறது, 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. நேரந்தான் காசைவிடப் பெரிய செலவு. காலையில் 5 மணிக்கு எழுந்து, ஆறே முக்காலுக்கு நிறுத்தத்தில் நின்று, புத்தகப் பையை முன்னால் அணைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் பயணம். மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்து ஊர் வந்து சேர இரவு 8 மணி ஆகிவிடும். அப்பாவுக்கு இரவு ஷிப்டு வாரமென்றால், அம்மா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிறுத்தத்தில் காத்திருப்பார்கள். பேருந்து தாமதமாகும் நாளில் அவர்கள் முகத்தைப் பார்த்தவர்கள், "ஏன் வீடு மாறினீர்கள்?" என்று கேட்க மாட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை. எங்கள் கேள்வி வேறு.

வீடு தேடும் படலம் சித்திரை பிறந்ததும் ஆரம்பமாயிற்று. அப்பாவின் ஆலைக்கு அருகில் இருக்கட்டும் என்று முதலில் ராஜபாளையத்தில் தேடினோம். "பிள்ளைகள் எத்தனை?" என்பதே முதல் கேள்வி. மூன்று என்றதும், "மேலே தண்ணீர் ஏறாது, உங்களுக்குப் போதாது" என்பார்கள். அது வேண்டாம் என்பதற்கு நாகரிகமான பெயர் என்று இரண்டாம் வீட்டிலேயே புரிந்துவிட்டது. அங்கே காந்தி கலை மன்றம் இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டையே அந்த மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். முழு வீட்டையே கொடுத்தவர் வாழ்ந்த ஊரில் எங்களுக்கு இரண்டு அறை வாடகைக்குக் கிடைக்கவில்லையே என்று அப்பா சிரித்தார்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஒரு வீட்டில் எட்டு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றிருக்கிறது. ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும். இதை நாங்கள் படித்துச் சொன்னபோது அப்பா, "சட்டம் பேசினால் வீடு கிடைக்குமா?" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. சட்டத்தை அறிந்தவருக்கு வீடு இல்லை, அறியாதவருக்கு வீடு உண்டு என்றால் அது யாருக்காக இயற்றிய சட்டம் என்று மட்டும் தோன்றியது.

இதற்கிடையில் பயணங்களும் குறையவில்லை. இனிமேல் நேரம் இராது என்று சொல்லிச் சொல்லியே, மூன்று ஆண்டுகளில் போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் ஆறு வாரத்தில் போனோம். கோவில்பட்டியில் சித்தப்பா கல்யாணம். சங்கரன்கோவிலில் தாய்மாமா வீட்டில் நான்கு நாள். புனலூரில் அத்தை வீடு. அத்தை வீட்டுக்குச் செங்கோட்டை வழியாக ரயிலில் சென்றோம். 1904-ல் ஏற்பட்ட அந்த மலைப்பாதையை அகல ரயில் பாதையாக மாற்றி 2018-ல் மீண்டும் முழுமையாகத் திறந்தார்கள். குகைகளும், பதின்மூன்று கண் பாலமும், இருபுறமும் பச்சைக் காடும் கண்கொள்ளாக் காட்சி! தம்பி ஜன்னலை விட்டு அசையவில்லை. ஆனால் அம்மாவும் அப்பாவும் எதையும் பார்க்கவில்லை. கிட்டத்தட்ட முடிந்துவிட்ட வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகக் கைப்பேசியில் செய்தி வந்திருந்தது. குகைக்குக் குகை சைகை போய்விடும். மீண்டும் வந்ததும் தரகரைக் கூப்பிடுவார்கள். இப்படியும் ஓர் இன்பச் சுற்றுலா.

கடைசியில் அக்கினி நட்சத்திரத்தின் நடுவில் வீடு அமைந்தது. வைகாசியை விட்டால் ஆனி, ஆடி என்று தள்ளிப்போகும் என்பது அப்பத்தாவின் கணக்கு. ஜூனில் பள்ளி திறந்துவிடும் என்பது அப்பாவின் கணக்கு. இரண்டு கணக்கும் சேர்ந்து எங்களுக்குக் கிடைத்தவை ஒன்பதே நாட்கள். வாசலில் குட்டியானை வந்து நின்ற பிறகு ஆண்கள் இரண்டு மணி நேரம் வேலை செய்தார்கள், அதை மறுக்கவில்லை. பீரோவும் கட்டிலும் ஏற்றி இறக்கியாயிற்று என்றதும், "வீடு மாறியாச்சு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். அதற்கு முந்திய ஒன்பது நாட்களும், பிந்திய பதினைந்து நாட்களும் எந்தக் கணக்கில் சேரும்? ஊறுகாய் ஜாடியைத் துணி சுற்றிக் கட்டியது யார்? கிரைண்டர் கல்லைப் பழைய சேலையில் பொதிந்தது யார்? புது வீட்டில் எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று பக்கத்து வீட்டில் கேட்டு வந்தது யார்? முதல் நாள் பால் காய்ச்சியது முதல் மூன்றாம் நாள் வரை அம்மா உட்கார்ந்து சாப்பிட்டதை நாங்கள் பார்க்கவில்லை.

இவற்றோடு காகிதங்கள் வேறு. எரிவாயு இணைப்பு, குடும்ப அட்டை, ஆதார் முகவரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வரிசை. தம்பியின் மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்தும் அவன் பெயர் எமிஸ் கணினிப் பதிவில் பழைய பள்ளியிலேயே இருந்தது. பழைய பள்ளி அதைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளியில் ஏற்ற முடியும் என்றார்கள். எட்டு நாட்கள் அலைந்தோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும் என்றும், அது தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்றும் கூறுகிறது. இதைப் பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தெரிந்திருந்தால் தம்பி முதல் வாரப் பாடத்தை இழந்திருக்க மாட்டான். படிப்புக்காகவே நடந்த வீடு மாற்றத்தில் முதலில் பறிபோனது படிப்பே அல்லவா?

கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் நடப்பது இங்கே நினைவுக்கு வருகிறது. அங்கு வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒரே நாளில் முடிவதால், ஜூலை 1 அன்று ஊரே வீடு மாறுமாம். முன்னாளில் அந்த நாள் மே 1 ஆக இருந்தது. பள்ளி ஆண்டு முடியும் முன்பே பிள்ளைகள் இடம் மாற நேர்கிறதே என்று 1970-களில் அரசே அதனை ஜூலைக்குத் தள்ளிவைத்தது. பிள்ளைகளை உத்தேசித்து ஒரு மாநிலமே நாளை மாற்றியிருக்கும்போது, நம் வீடுகளில் ஒரு வார்த்தை கேட்பதா பெரிய காரியம்?

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "போக வேண்டாம்" என்று சொல்லியிருப்போம் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். அப்படியன்று. வீட்டுச் செலவை எங்களிடமும் காட்டியிருந்தால், அவர்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்லியிருப்போம். முகவூர், தளவாய்புரம் பக்கம் நைட்டி தைக்கும் தொழில் பெயர் பெற்றது. வெட்டிய துணியை அங்கிருந்து எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து போடுவார்கள். அம்மா தைத்துக் கொடுத்துக் கூலி வாங்குவார்கள். எங்கள் நோட்டுப் புத்தகமும் சீருடையும் அந்தக் கூலியில் வந்தவை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு யார் துணி மூட்டையைத் தூக்கி வருவார்கள்? தையல் இயந்திரம் குட்டியானையில் வந்தது, வேலை வரவில்லை. இன்று அது துணி மடித்து வைக்கும் மேசையாக நிற்கிறது. வருமானம் ஒரு பக்கம் நின்றது, வாடகை மறுபக்கம் தொடங்கியது. பேருந்தில் மிச்சமான நேரம் எங்களுக்கு. அதற்கு விலை கொடுத்தவர்கள் அம்மா.

அப்பத்தாவும் வரவில்லை. "தோட்டத்தையும் கோழியையும் யார் பார்ப்பா?" என்று அங்கேயே தங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வருகிறோம். போகும்போது பால்கோவா வாங்கிச் செல்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் அப்பத்தாவுக்கு எந்த மதிப்பும் இல்லை. "உங்க ஊரு இனிப்பு" என்று தள்ளி வைக்கிறார்கள். அந்த 'உங்க ஊரு' என்ற சொல்தான் எங்களுக்குக் கசக்கிறது.

காலையில் இப்போது ஆறரைக்கு எழுகிறோம். மதிப்பெண்ணும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அதற்காக வீடு மாறியது முற்றிலும் சரி என்று நாங்கள் ஒப்புக்கொள்வதற்கில்லை. பத்தாம் வகுப்புக்கு இன்னும் ஓர் ஆண்டே என்னும்போது, ஓர் ஆண்டு மட்டும் விடுதியில் சேர்ந்து படித்திருக்கலாம். அம்மாவின் தையலும் நின்றிருக்காது, தம்பியும் பள்ளி மாறியிருக்க மாட்டான். இது நாங்கள் சொல்லக்கூடிய யோசனை. சரியோ தவறோ, அதைச் சொல்லும் இடத்தில் எங்களை வைத்திருக்க வேண்டும். இரவில் மெல்லப் பேசி முடிக்கும் பேச்சைப் பகலில் எல்லாரும் உட்கார்ந்து பேசலாம். பொங்கலுக்கே தீர்மானித்தால் மே மாதம் முழுவதும் மூட்டைக்குள் போகாது. பாத்திரம் கட்டும் வேலையில் அப்பாவும் தம்பியும் பங்குகொள்ளலாம். ஊறுகாய் ஜாடி பெண்களின் கையை மட்டும் அறியும் பொருளன்று.

தம்பி ஆறாம் வகுப்புக்குப் போகும்போது மதுரைக்குக் குடிபோகலாமா என்று சென்ற வாரம் ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. இந்த முறை நாங்கள் தூங்கவில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட்டோம். அம்மாவுக்கு அங்கே தையல் வேலை கிடைக்குமா என்று விசாரிக்கும் பொறுப்பை நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அப்பத்தாவிடம் பேசும் பொறுப்பை மட்டும் எல்லாரும் அப்பாவிடம் விட்டிருக்கிறோம்.